முக்கியமானவர்களுக்கு மட்டும் பூட்டு

பிப்ரவரி 3
எங்கள் துறை திறக்கப்போகும் குடிமக்கள் சேவைத் தளத்தைச் சோதிக்க உட்கார்ந்தேன். என் கணக்கில் நுழைந்து, மேலே தெரியும் அடையாள எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றினேன். யாரோ ஒருவரின் வீடு, போன் நம்பர், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் திறந்துகொண்டது. கடவுச்சொல்லாவது, கத்தரிக்காயாவது!

அப்புறம் தங்கச்சியின் எண்ணைப் போட்டேன். தெரு, கதவு எண் எல்லாம் வந்தது. அடித்துத் துவைத்த புருஷனிடமிருந்து பிள்ளையோடு தப்பி வந்து ஒளிந்திருக்கிறாள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது புது முகவரி ஏறிவிட்டது போல. அவள் எண் அவனுக்கு மனப்பாடம்.

பிப்ரவரி 4
டைரக்டரிடம் சொன்னேன். "அழைப்பிதழ் அடிச்சாச்சும்மா. இப்பப் போய் அபசகுனமா பேசாதீங்க. திறப்பு விழா முடியட்டும், பாத்துக்கலாம்."

பிப்ரவரி 5
எழுத்தில் கொடுத்தேன். பதில் இல்லை.

பிப்ரவரி 9
பொறுமை போய்விட்டது. டைரக்டர் அறைக்கே போய், அவர் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்து அவர் எண்ணையே தட்டினேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.
"ஐயையோ, என் பொண்ணு காலேஜ்லாம் இருக்கே!"
"எல்லாரோட பொண்ணும் இருக்கு சார்."
உடனே அடைக்கச் சொல்கிறேன் என்றார். அப்பாடா. தங்கச்சியிடம் சொல்லி எதற்கு வீணாகப் பயமுறுத்துவது?

பிப்ரவரி 11
அடைத்துவிட்டார்கள். டைரக்டர் எண்ணுக்கு 'அனுமதி இல்லை'. மந்திரி, செயலாளர், அவர்கள் குடும்பம் எல்லாருக்கும் அப்படியே. தங்கச்சி எண்? திறக்கிறது!

தளத்தைக் கட்டிய கம்பெனிக்காரனிடம் கத்தினேன். "மேடம், முக்கியமானவங்க லிஸ்ட் குடுத்தாங்க, மறைச்சுட்டோம். எல்லாருக்கும்னா தனி ஆர்டர் வேணும்."
முக்கியமானவங்களாம்! அப்ப நாங்கெல்லாம் தவிட்டுக்கு வாங்கினவங்களா?

பிப்ரவரி 12
தங்கச்சியின் முகவரியையாவது அழிக்கலாம் என்று முகவரிப் பிரிவுக்குப் போனேன். குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டுமாம். தலைவர் யார்? அவன்தான். விளங்கிடும்.
சாயங்காலம் அவளிடமே சொல்லிவிட்டேன். வீடு மாத்துடி என்றேன். "பிள்ளைக்குப் பரீட்சை இருக்குக்கா. முடிஞ்சதும் மாறிடறேன்."

பிப்ரவரி 16
திறப்பு விழா. மந்திரி பொத்தானை அழுத்தினார். 'கோட்டை போல் பாதுகாப்பு' என்று டைரக்டர் மைக்கில் சொன்னார்.

மார்ச் 2
வந்துட்டான். பாவி வந்துட்டான். பிரவுசிங் சென்டரில் அவள் எண்ணைக் கொடுத்தானாம், எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். கதவை உதைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னானாம்; நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடியிருக்கிறாள். போன் அணைந்திருக்கிறது — எங்க போயிருப்பா? செருப்பாவது போட்டிருந்தாளோ என்னவோ.

மார்ச் 3
எனக்கு மெமோ வந்திருக்கிறது. உயரதிகாரியின் விவரங்களை அனுமதியின்றிப் பார்த்தது ஏன்?
ஏன்னா தொறந்து கெடந்துச்சுடா!

மார்ச் 10
தங்கச்சி புது நம்பரிலிருந்து பேசினாள். குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். இருவரும் நன்றாக இருக்கிறார்களாம். பிள்ளை பரீட்சை எழுதவில்லை. வேறு பள்ளியிலும் சேர்க்கப் போவதில்லை. சேர்த்தால் எண் கேட்பார்கள்.
எங்கேடி இருக்கிறாய் என்று கேட்டேன்.
"கோவிச்சுக்காதக்கா. உன்கிட்ட சொல்லவும் பயமா இருக்கு."
கோபம் வரவில்லை. நானும் அரசாங்கம்தானே.