கண்ணாடியில் தெரிகிற இடத்தில்

எட்சன்,
மே 19

அன்புள்ள மார்னிக்கு,

மூஸ் மேட்டில் காற்று சௌக்கியமா? உன்னை விசாரித்தால் கோபிப்பாய் என்றுதான் காற்றை விசாரிக்கிறேன். "இந்தக் கோடை முழுக்க எனக்குக் காத்து சத்தம் மட்டும் போதும், ஆரெஸ்ட். நான் கூப்பிடற வரைக்கும் வராதே. வீட்டுக்குத் திரும்பணுமா வேண்டாமான்னு செப்டம்பர்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் காட்டுத்தீக்குக் காவல் கோபுரத்தில் இருக்கப் போனாய். வராதே என்றாய், எழுதாதே என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் என் வாயைக் கேட்டவள் இந்த ஓட்டையை அடைக்காமல் போனது உன் தப்பு.

விஷயம் இதுதான். நீ வந்தால் (வந்தால் என்றுதான் எழுதுகிறேன், பார்) இனி நாம் காட்டில் தரையில் படுக்க வேண்டாம். உன் முதுகு போன வருஷமே நம் கூடாரத்தை விவாகரத்து செய்துவிட்டது. காரில் கட்டி இழுக்கிற கூடார டிரெய்லர் ஒன்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டு லாயிட் விடவில்லை. "தகரச் சுவர் வண்டி வாங்குப்பா! உள்ளே டி.வி. இருக்கும், மழை பெஞ்சாக்கூடக் கேக்காது!" மழை கேட்காமல் இருக்கக் காட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? துணிச் சுவர் என்றால் உனக்குக் காற்றாவது கேட்கும், நான் வாயை மூடியிருந்தால்.

உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை, அதான் உன் பெரோகி, செய்தேன். உன் பங்குக்கும் வெங்காயம் வதக்கிவிட்டேன். பழக்கதோஷம்.

இன்னும் உன்,
ஆரெஸ்ட்

—

மூஸ் மேடு,
ஜூன் 2

ஆரெஸ்ட்,

காற்றும் நானும் சௌக்கியம். மளிகை வண்டியில் உன் கடிதம் வந்தது. மாவு மூட்டையைவிடக் கனம்.

எனக்காக எதுவும் வாங்காதே. வருவேன் என்று நான் சொல்லவில்லை.

உனக்காக வாங்குவதானால், கைப்பிடியைச் சுற்றிக் கூரையை நீயே ஏற்றிப் பார். துணியை மோந்து பார். பூஞ்சை வாடை அடித்தால், விற்கிறவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வேண்டாம்.

மார்னி

—

எட்சன்,
ஜூன் 15

அன்புள்ள மார்னிக்கு,

மோந்தேன். ஊர் ஊராகப் போய் மோந்தேன். முதல் வண்டியில் பூஞ்சை. அடுத்ததில் நாய். மூன்றாவது வில்மா என்ற அம்மாளுடையது. கைப்பிடியைச் சுற்றினால் கூரை முனகாமல் எழும்புகிறது, இரண்டு முனையிலும் கட்டில்கள் வெளியே நீள்கின்றன. துணியில் வெயில் வாசனை.

"மூலைக் கால்களை இறக்கணும், அப்புறம் ஏறுங்க" என்றிருக்கிறாள் அந்த அம்மாள். நான் அப்போது பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே பின்கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தேன். வண்டியின் முன்பக்கம் ஆகாசத்துக்குப் போயிற்று. கால் மேலே, தலை கீழே, கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கிடந்தேன். வில்மா துணி ஜன்னல் வழியே குனிந்து பார்த்தாள்.

"சொன்னேனே, காதுல விழலியா?"

"பேசிட்டிருந்தேம்மா."

"அது தெரிஞ்சுது. உங்க வீட்டுக்காரி பாவம்."

இதற்கு நான் பதிலே சொல்லவில்லை. தயவுசெய்து இதைக் கவனி.

ஆரெஸ்ட்

—

மூஸ் மேடு,
ஜூன் 29

ஆரெஸ்ட்,

கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் ரேடியோ பொத்தானை அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த கோபுரத்து க்ளென் பதறிப்போய், "மார்னி, என்ன சத்தம் அங்கே? கரடியா?" என்றான். "இல்லே, என் புருஷன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. இதை வைத்துக் கோட்டை கட்டாதே.

வில்மாவின் வண்டி நல்ல வண்டி. பின்கட்டில் உனக்கு. குறட்டை காட்டோடு போகட்டும்.

மார்னி

—

எட்சன்,
ஜூலை 13

அன்புள்ள மார்னிக்கு,

கோட்டை கட்டவில்லை, வண்டியை மட்டும் வாங்கிவிட்டேன். அதைக் காரில் கட்டியபடியே முற்றத்துக்குள் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருந்தது. வழிகாட்ட லாயிட் நின்றான். "லெஃப்ட்ல வா! இன்னும் லெஃப்ட்! அடப்பாவி, உன் லெஃப்ட் இல்ல, என் லெஃப்ட்!" தெருவே நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தது. உன் லைலாக் செடி இப்போது இல்லை. அதன் வேர் இருக்கிறது, துளிர்க்கும் என்கிறார்கள்.

படகு வண்டியை இப்படிப் பின்னோக்கி ஓட்டி ஏரியில் இறக்கும்போதெல்லாம் நீதான் பின்னால் நின்று வழிகாட்டுவாய். இரண்டு கைதான் பேசும், வாய் பேசாது. "கார்க் கண்ணாடியில என்னைக் காணோம்னா நிறுத்திடு." உன் சட்டம் அது ஒன்றுதான். ஒரு மணி நேரம் லாயிடின் வாயைக் கேட்டதற்கே எனக்குத் தலை வெடித்தது. என் வாயை இருபத்தாறு வருஷம் கேட்ட உன் தலை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தவளை தன் வாயால் கெட்டது. இனி அளவாக எழுதுகிறேன்.

ஆரெஸ்ட்

—

எட்சன்,
ஜூலை 27

மார்னி,

சௌக்கியம். மழை பெய்தது. துணியைக் காயவைத்து மடித்தேன்.

ஆரெஸ்ட்

—

மூஸ் மேடு,
ஆகஸ்ட் 10

ஆரெஸ்ட்,

என்ன இது? உடம்புக்கு ஏதாவதா? "இவ்ளோதானா லெட்டர்?" என்று மளிகை வண்டிக்காரனைக் கேட்டேன். பாவம், மாவு மூட்டையைக்கூட நகர்த்திப் பார்த்தான். கோபுரத்தில் ஏறி, வசதியாக உட்காருவதற்குள் உன் கடிதம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நாள் முழுக்கக் காற்றுதான். அதுவும் சொன்னதையே சொல்கிறது.

செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்கிறேன். அடுத்த கோடைக்கும் இங்கே வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இடிந்து உட்கார நாற்காலியைத் தேடாதே, மேலே படி. குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வருகிறேன்.

கோபுரத்துக்குக் கீழே, சாலை முடிகிற இடத்தில் கொஞ்சம் சமதரை இருக்கிறது. வண்டியை அங்கே கொண்டு வா. பகல் எனக்கும் காற்றுக்கும். சாயங்காலம் காவல் முடிந்ததும் இறங்கி வருகிறேன். பெரோகி வேண்டும். தெருவில் யார் யார் நாற்காலி போட்டார்கள் என்று வேண்டும். வில்மாவுக்கு நீ சொல்லாமல் விட்ட பதிலும் வேண்டும்.

இடம் குறுகல், இரண்டு பக்கமும் மரம். பின்னால் நான் நிற்பேன். கண்ணாடியில் என்னைக் காணவில்லை என்றால் நிறுத்து. தெரிகிற இடத்துக்கு நானே வந்துவிடுவேன்.

மூலைக் கால்களை இறக்கும்வரை எதன் மேலும் உட்காராதே.

உன்,
மார்னி