கடைசியாய் வெளியே வந்த கோழி

இன்று காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் ஐந்து கோழிகள் சிறகடித்துக்கொண்டு ஓடின. வெள்ளைப் பெட்டை மட்டும் வரவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே தூங்கி விழுந்தது. "காலையில எது கடைசியா வருதுன்னு பாரு. சீக்கு அதுலதான் மொதல்ல தெரியும்." உங்கள் குரல்தான், மதினி.

கை தானாக வேலை செய்தது. இரைப்பையைத் தடவினேன், நேற்றைய தீனி அப்படியே கிடந்தது. கொண்டை கறுத்திருந்தது. வாலுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக எச்சம் ஒட்டியிருந்தது. மூலையில் சும்மா இருந்த இன்னொரு பஞ்சாரத்தில் அதைத் தனியே கவிழ்த்தேன். கோழி வளர்க்கிற வீட்டில் காலிப் பஞ்சாரம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்பதும் நீங்கள் சொன்னதுதான்.

நீங்கள் குடிபோன புளியங்குடியிலிருந்து உங்கள் கருமாதிக் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஏற மனம் வரவில்லை.

இந்தத் தெருவுக்கு நான் சின்னப் பிள்ளையோடு குடிவந்தபோது என்னிடம் விலங்கியல் பட்டம் இருந்தது. கோழியைப் பிடிக்கத் தெரியாது. "ஏட்டி காலேஜு, தவளைய மட்டுந்தான் அறுப்பியோ?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தீர்கள். மறுநாளே ஒரு செவலைக் குஞ்சைக் கொண்டுவந்து என் கோமதியின் மடியில் விட்டீர்கள். அது வளர்ந்து முட்டையிட்டது. சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, செவலையின் முட்டை என்றால் சாப்பிட்டாள். அவளுக்கு உடம்பு தேறுமா என்று பயந்துகொண்டே இருந்த எனக்கு அந்தக் கோழிதான் தைரியம்.

அந்த வருஷம் பக்கத்துத் தெருக்களில் கோழிகளைக் கொல்லும் கழிச்சல் சீக்கு பரவியது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு நான்தான் போய்க் கேட்டேன். மருந்துக் குப்பியை உடைத்தால் உடனே போட்டு முடித்துவிட வேண்டும், கோழிகள் நிறையச் சேர்ந்தால் தெருவுக்கே வருகிறோம் என்றார்கள். நீங்களும் என்னோடு வீடு வீடாக வந்தீர்கள். வீட்டுக்கு வீடு ஓடும் நெசவுத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திக் கூப்பிட்டது நீங்கள்தான். உங்கள் பேச்சை நம்பித்தான் பாதிப் பேர் கோழியைக் கொண்டுவந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் கம்பவுண்டர் ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் திறக்கும் முன்பு கேட்டார். "சீக்குக் கோழி இருந்தா இப்பவே சொல்லிருங்கம்மா. ஊசி சீக்கு வராம இருக்கத்தான். வந்த கோழி தாங்காது, மத்ததுக்கும் ஒட்டிரும்." யாரும் பேசவில்லை. நீங்கள் என் பக்கத்தில் உங்கள் கோழி கறுப்பியை இடுக்கிக்கொண்டு நின்றீர்கள். அதன் முதுகில் மண் அப்பியிருந்தது. கேட்டேன். "குப்பையில புரண்டிருக்கும்" என்றீர்கள். ஊசி போட்ட பிறகு கறுப்பியையும் செவலையையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்ததும் உங்கள் கைதான்.

மறுநாள் கறுப்பி செத்தது. அடுத்த சனிக்கிழமைக்குள் தெருவில் கோழியே இல்லை. செவலையைக் குழி வெட்டிப் புதைத்தபோது கோமதி அழுதுகொண்டே சொன்னாள்: "அத்த கோயில் புத்துமண்ண கறுப்பிக்குப் பூசினாங்கம்மா. அது அடுக்களையில மூணு நாளா தூங்கிக்கிட்டே இருந்துச்சு. அம்மாட்ட சொல்லாதன்னாங்க."

நாலு வயதுப் பிள்ளையிடம்.

உடனே உங்கள் வீட்டுக்கு வந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஊசி போட்டா சரியாயிரும்னு நெனச்சேன்ட்டி. வீடு வீடாக் கூப்பிட்டுட்டு, என் கோழிக்கே சீக்குன்னு எப்படிச் சொல்ல?"

"இப்பவாவது சொல்லுங்க மதினி. எல்லாரும் என்னையில்லா ஏசுதாங்க."

"ரெண்டு நாளு பேசுவாளுவ, பெறவு விட்டுருவாளுவ. நீ படிச்சவ, தாங்கிக்கிடுவ."

ரெண்டு நாள் இல்லை மதினி. குடத்தோடு குழாயடிக்குப் போனால், "டாக்டரம்மா வாராக, பிள்ளைகள உள்ள கூப்பிடுங்கட்டி, ஊசி கீசி போட்டுறப் போறாக" என்று எதிர்வீட்டுக்காரி சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்த வரிசையில் நீங்களும் நின்றீர்கள். சிரிக்கவில்லை, உண்மைதான். குடம் நிறைகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊர் மாறிப் போகும் வரை அப்படியே குனிந்திருந்தீர்கள். கோழி சாகும். அதை நான் படித்திருக்கிறேன். அந்தக் குனிந்த தலையை மட்டும் எங்கும் படிக்கவில்லை.

இன்று வெள்ளையைத் தனியே வைத்துக் கையைக் கழுவியதும், இப்போது பத்து வயதாகிவிட்ட கோமதியைக் கூட்டிக்கொண்டு, நீங்கள் இருந்த அந்த வீட்டுக்கே போனேன். இப்போது அங்கே வேறு குடும்பம். ஒரு தாய்க்கோழியும் ஏழு குஞ்சுகளும் இருக்கின்றன. கதவைத் தட்டக் கை தயங்கியது. குழாயடி ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நீங்கள் அன்றைக்கு நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

தட்டினேன்.

"எங்க கோழிக்குக் கழிச்சல் வந்திருக்கு. நேத்து உங்க முத்தத்துலதான் மேஞ்சுது. உங்க கோழிய இப்பவே அடைச்சுப் போடுங்க."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "நேத்தே பாத்திருக்கக் கூடாதா? ஏழு குஞ்சு கெடக்கே!" என்று ஏசினாள். கேட்டுக்கொண்டு நின்றேன். ஏசி முடித்துக் குஞ்சுகளைப் பிடிக்க ஓடினாள்.

திரும்பும்போது கோமதி கேட்டாள், "அம்மா, இவ்வளவுதானா? இதச் சொல்லவா அத்தைக்கு முடியல?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் காலிப் பஞ்சாரம் இப்போது இல்லை. நாளை சந்தையில் ஒன்று வாங்கி மூலையில் வைக்க வேண்டும்.