இடது பெடலுக்கு ஒரு செங்கல்

ஜூலை 1, 2025, செவ்வாய்

பம்ப் கம்பெனியில் நாள் முழுக்க டெஸ்டிங்கில் நின்றே வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் டிரம்ஸ் முன் உட்கார்ந்தேன். போத்தனூரில் ரயில் சத்தத்துக்குப் பழகிய தெரு, யாரும் திட்டுவதில்லை.

பெரிய டிரம்மை இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பெடல் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தாளம் சொல்லும் மெட்ரனோமில் வேகம் 120 வரை இரண்டு காலும் அண்ணன் தம்பியாகப் போகின்றன. 130-ஐத் தொட்டால் இடது கால் பங்காளியாகிவிடுகிறது. டைல்ஸ் தரையில் இடது பெடல் வேறு முன்னால் வழுக்கிக்கொண்டே போகிறது. மொட்டை மாடியிலிருந்து ஒரு செங்கல் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தேன். பெடல் நின்றுவிட்டது. கால்தான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

ஜூலை 3

130. முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பக்கத்து அறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த லோகப்பிரியா எழுந்து வந்தாள். "ஏனுங்க, எதுக்குங்க தொடையோட தூக்கித் தூக்கி அடிக்கறீங்க? மெஷின் மிதிக்கறாப்ல குதிகால் ஒருக்கா, முன்னங்கால் ஒருக்கா வெச்சாப் பத்தாதுங்களா?"

என் மனைவி பதினோரு வருடமாகக் கால் மெஷின் மிதிக்கிறவள். "எங்க, நீ உக்காந்து பாரு கண்ணு" என்றேன். சிரிக்கலாம் என்றுதான் சொன்னேன். ஸ்டூலை ஒரு சாண் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் தடுமாறினாள். ஒரு மணி நேரத்தில் 130-இல் இரண்டு காலும் ஒரே சத்தம்.

"நல்லாருக்குங்களா?"

"ம்" என்றேன். வயிறு எரிந்தது.

ஜூலை 9

வேலை முடிந்து வந்தால் ஸ்டூல் இறங்கியிருக்கிறது. நேற்றும் அப்படித்தான். நான் இல்லாதபோது வாசிக்கிறாள். ஏற்றி வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் பேண்டில் கிட்டார் வாசிக்கும் ரசாக், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நண்பன், மாடிப்படியில் கத்திக்கொண்டே வந்தான். "மாப்ள! கால் வந்துருச்சுடா உனக்கு!"

நான் சமையலறையில் டம்ளரோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்தான். டிரம்ஸ் சத்தம் வரும் அறையைப் பார்த்தான். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் ஒன்பது, பொள்ளாச்சியில் ஒரு காலேஜ் விழா. "கடைசிப் பாட்டு மட்டும் தங்கச்சி வாசிக்கட்டுமே" என்றான். 170-இல் ஓடும் பாட்டு. நம்மால் முடியாது என்று ஆறு மாதமாக ஒதுக்கி வைத்திருந்தோம். நம்மால் என்றால் என்னால்.

"அவரு சரின்னாத்தானுங்கண்ணா" என்றாள் அவள்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 14

பெண்டாட்டி மேல் புருஷன் பொறாமைப்படுவானா? படுகிறேன். அவள் அளவு எடுக்கும்போதுகூட கால் தாளம் போடுகிறது — வேண்டுமென்றா? இல்லை, அவளுக்கே தெரியாது. அதுதான் இன்னும் எரிகிறது. என்ர எட்டு மாசம் என்னாச்சு? எவன்கிட்டப் போய்ச் சொல்லுவேன் இதை?

ஜூலை 27

நான் 135. அவள் 175. காபி கொடுத்தாள். குடிக்காமல் ஆறவிட்டு எழுந்து போனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று மதியம் பொள்ளாச்சி. செங்கல்லை எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை.

மேடை வழவழவென்று பலகைத் தரை. மற்ற பாட்டெல்லாம் நான் வாசித்தேன். கடைசிப் பாட்டுக்கு எழுந்து ஓரமாக நின்றேன். அவள் பெடலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். பாதிப் பாட்டில் இடது பெடல் நகர ஆரம்பித்தது. அவள் கால் அதைத் துரத்திக்கொண்டே போனது. இன்னும் நாலு மிதி, தாளம் சிதறிவிடும். இதைத்தானே எதிர்பார்த்து நின்றேன்? அவள் பயந்துபோய் என்னைத் தேடினாள்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. குப்புறப் படுத்து இரண்டு கையாலும் பெடலைப் பிடித்தேன். அவள் மிதிக்கும்போதெல்லாம் விரல் நசுங்கியது. விடவில்லை. காதோரம் அவள் கால், 170, ஒரு அடிகூடப் பிசகவில்லை. அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

வேனில் என் விரலுக்கு ஐஸ்வாட்டர் பாட்டிலை வைத்தாள். "செங்கல்ல மறந்துபோட்டேன்" என்றேன்.

"கதவுக்கு நேராத்தானுங்க வெச்சிருந்தேன். தாண்டித்தானுங்க வந்தீங்க."

பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 14

ஐந்து நாளாக ஸ்டூல் நான் வைத்த உயரத்திலேயே இருக்கிறது. அவள் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை. ரசாக் போன் செய்து அடுத்த விழாவுக்குக் கேட்டான். "எனக்குத் துணி நிறைய இருக்குதுங்கண்ணா" என்று வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டுமே. இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விரல் வீக்கம் வடிந்துவிட்டது. கதவோரம் கிடந்த செங்கல்லை எடுத்துப் பெடலுக்கு முட்டுக்கொடுத்தேன். ஸ்டூலை ஒரு சாண் இறக்கினேன். பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணு, செங்கல்ல நான் வேணும்னேதான் உட்டுட்டு வந்தேன். குதிகால எங்க வெக்கறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடு."

கொஞ்ச நேரம் மெஷின் ஓடியது. பிறகு நின்றது.