ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு

பையின் அடியில் கிடந்த உன் நீல கேபிளை இன்று மறுபடி எடுத்தேன். கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேச லேப்டாப்பில் செருகுவோமே, அதேதான். அதில் நீ சுற்றிய பிளாஸ்திரி பழுத்துப்போயிருக்கிறது. ‘எடுத்தவுக திருப்பிக் கொடுக்கவும்’ என்ற உன் கோழிக் கிறுக்கல் மட்டும் அழியவில்லை. நான்தான் எடுத்தேன், நீ இருந்தவரை திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்க நீயும் இல்லை.

திண்டுக்கல் ஸ்கேன் சென்டர் வேலை நினைவிருக்கிறதா? எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பெட்டியை சாதாரண நெட்வொர்க் கேபிளாலேயே சர்வரோடு இணைப்பது அப்போது நமக்குப் புதிது. பெட்டியும் சர்வரும் உன் பொறுப்பு. நடுவில் இருந்த ஸ்விட்ச் என்னுடையது. படங்களுக்கென்று தனி வழி பிரித்து, பெரிய பெரிய துண்டுகளாகத் தரவு போக அதில் அனுமதி கொடுத்தேன். படங்கள் பறந்தன. அந்த நேரம் பார்த்து நீ டிபன் கேரியரைத் திறந்தாய். உங்கள் வீட்டு தால்சா வாசனையில் எனக்கு ஸ்விட்ச் மறந்துபோனது. செய்த மாற்றத்தை அதில் சேமிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நின்றது. யூபிஎஸ்ஸும் கைவிட்டது. கரண்ட் வந்தபோது கருவிகளில் எல்லா விளக்கும் பச்சைதான். ஆனால் பெரிய படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். நம் மேனேஜர், “யார் பண்ண தப்பு? அவங்க நாளையிலேருந்து வர வேணாம்” என்றார்.

வேலை போனால் எங்கள் ஊர் எரியோட்டிலிருந்து அப்பா என்னைத் திரும்ப வேலைக்கு அனுப்ப மாட்டார் என்று உனக்குத் தெரியும். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. “ஸ்டோரேஜ் பெட்டியிலதான் சார் கோளாறு. அது அவ வேலை” என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

நீ என்னை ஒருமுறை பார்த்தாய், அவ்வளவுதான். சர்வரிலிருந்து சின்னச் சோதனை அனுப்பினாய், பதில் வந்தது. பெரிதாக அனுப்பினாய்; வரவில்லை. “சின்னது போகுது, பெருசு மாட்டுது. நடுவுல வாசல் சின்னதாயிருச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே இந்த நீல கேபிளை ஸ்விட்ச்சில் செருகினாய். நான் போட்ட அமைப்பு அதில் இல்லை. மின்சாரம் போனதோடு ஸ்விட்ச் அதை மறந்துவிட்டிருந்தது.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பிவிட்டு மேனேஜரிடம் சொன்னாய்: “ரெண்டு பேரும் சேர்ந்து பாத்த வேல சார். சேவ் பண்ண மறந்துட்டோம். செத்த நேரம் இருங்க, சரியாயிரும்.”

இருவரையும் அனுப்பினால் வேலைக்கு ஆள் இல்லை. மேனேஜர் கத்தித் தீர்த்துவிட்டுப் போனார். நான் அழுதுகொண்டே மாற்றத்தை மறுபடி போட்டுச் சேமித்தேன். “ஏண்டி எனக்காகப் பேசுன?” என்று கேட்டதற்கு, “உன்ன எரியோட்டுக்கு அனுப்பிட்டு இம்புட்டு தால்சாவ நான் யாரோட திங்க?” என்றாய். உடனே குரல் மாறியது. “இப்பப் புடுங்குடி ப்ளக்க. திரும்பி வந்து ஒழுங்கா நிக்குதான்னு பாரு. அப்பறந்தான் சோறு.”

உண்மையை மேனேஜரிடம் நான் சொல்லவே இல்லை. போன மாதம் நாகல் நகரில் உன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது, கேபிளைத் திருப்பிக் கொடுத்து உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். “அம்மா இந்தக் கதைய எத்தனையோ தடவ சொல்லிருக்காக ஆன்ட்டி. ‘நாங்க ரெண்டு பேரும் மறந்துட்டோம்’னுதான் சொல்லுவாக. நீங்க மட்டும் மறந்தீங்கன்னு சொன்னதே இல்ல.”

பெற்ற மகளிடம்கூடவா? அங்கேயே உடைந்துபோனேன். அவள் கேபிளை என் கையிலேயே திணித்துவிட்டு, சாப்பிட உட்கார வைத்தாள்.

இன்று புது இடத்தில் புது ஸ்விட்ச். மாற்றத்தைச் சேமித்தேன், ப்ளக்கைப் பிடுங்கினேன், மறுபடி செருகினேன். என்னோடு வேலை பார்ப்பவர்கள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். பொறுத்திருந்து, பெரிய சோதனையை அனுப்பினேன். பதில் வந்தது. அதன் பிறகுதான் டிபன் டப்பாவைத் திறந்தேன், உன் உத்தரவுப்படி.