சுவரில் மூன்றாவது ஆள்

அக்கா,

நான்கு நாளாகச் சாரல் விடவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, பாப்பாவின் துணிகளைப் போட்டிருக்கிறேன். ஒன்றும் காய்ந்தபாடில்லை. இன்று மதியம் ஒரு சட்டையை எடுத்து, ஈரம் போய்விட்டதா என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். அந்த அரை ஈர வாடை என்னை அப்படியே கல்லூரி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஸ்கூட்டரில் உங்கள் காலடியில் ஒரு சாக்கு கிடக்குமே, அதற்குள் சுருண்டு கிடக்கும் ஆரஞ்சு நிறப் பயிற்சி பனியன்களின் வாடை அது. காலை ஆறு மணிக்கு ஒவ்வொன்றாக உதறி எங்கள் தலைவழியே மாட்டிவிடுவீர்கள். "மூக்க எதுக்குட்டி பொத்துத? ஒன் வேர்வதான்."

சட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். பாப்பா தூங்குகிறாள். அவளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. இவர் ராணுவத்தில், எங்கோ வடக்கே. இந்த மாடி வீட்டில் பேச ஆளில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஏழு மாதம் பிந்தி எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் கால்பந்து அணிக்கு ஓட்டமும் பாஸும் சொல்லித்தர பி.டி. சார் இருந்தார். நீங்கள் புளியறை செக்போஸ்டில் கான்ஸ்டபிள். ஒரு காலத்தில் காவல்துறை அணிக்கு ஆடியவர். ராத்திரி முழுக்க லாரிகளை நிறுத்திப் பார்த்துவிட்டு, விடிந்ததும் காக்கிப் பேன்ட்டோடு தென்காசிக்கு வந்துவிடுவீர்கள். முதல் நாளே சொன்னீர்கள்: "பந்து உருளுத வரைக்கும் சார் பாத்துக்கிடுவாரு. பந்து நின்னுட்டா எங்கிட்ட வந்துரணும்." கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ. அவ்வளவுதான் உங்கள் பாடம். அதற்கு முன்பு நாங்கள் ஓடி ஆடி ஒரு கோல் போடுவோம், நின்ற பந்தில் இரண்டு வாங்குவோம். நீங்கள் வந்த பிறகு அது மாறியது. ஊரில் யாருக்கும் ஏன் என்று தெரியவில்லை. கோல் போட்டவள் பெயர்தான் தெரியும். சுவர் கட்டி நின்றவள் பெயரை யார் கேட்கப்போகிறார்கள்?

நான் நெட்டை, ஓட்டம் வராது. சாரின் பட்டியலில் கடைசிப் பெயர். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏட்டி கொக்கு, நீ ஓடாண்டாம். நில்லு. நிக்கத் தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும்" என்றீர்கள். நிற்பதும் ஒரு வேலை என்று அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஃப்ரீ கிக்கைத் தடுக்கக் கைகோத்து நிற்கும் நால்வரில் நான் மூன்றாவது ஆள் ஆனேன்.

பந்து முகத்துக்கு வரும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். அதை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் நால்வரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனீர்கள், நினைவிருக்கிறதா? ஐந்தருவியில் பெண்கள் பக்கம். கைகோத்து அண்ணாந்து நிற்க வேண்டும். விழுகிற தண்ணீரில் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பின்னால் தலை நிறைய எண்ணெயோடு காத்திருந்த ஒரு அம்மாள் கத்தினார்.

"என்னளா, குளிக்க வந்தியளா, தவமிருக்க வந்தியளா?"

"ரெண்டு நிமிசம்மா. புள்ளையளுக்குக் கண்ணு தொறக்க மாட்டேங்கு."

"கண்ணு தொறக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எந்தலையில எண்ண காயுது!"

சிரித்துச் சிரித்து நாலு பேரும் தண்ணீர் குடித்தோம். உங்கள் சிரிப்புதான் அதிகம்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களிடம் சிரிப்பே கிடையாது. நின்ற பந்தில் கோல் வாங்கினால், ஆட்டம் முடிந்ததும் வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தான் செய்ததை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவளைக் கை காட்டக் கூடாது. 'ஆனா' என்ற சொல் வரக் கூடாது. நீங்களும் சொல்வீர்கள்: "நான் ஒங்கள ஒரு அடி தள்ளி நிறுத்திட்டேன்." எல்லோரும் சொன்ன பிறகு, "முடிஞ்சுது" என்பீர்கள். அதன்பின் அந்தக் கோலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அரையிறுதியில், கடைசி நிமிடத்தில், நான் முகத்தைத் திருப்பினேன். பந்து என் தோளுக்கும் அடுத்தவள் தலைக்கும் நடுவில் போய் வலையில் விழுந்தது. வட்டத்தில் என் முறை வந்தபோது, "விசில் சத்தம் கேக்கலக்கா" என்றேன். நீங்கள் அடுத்தவளிடம் போகாமல் என் முன்னாலேயே நின்றீர்கள். மழை பிடித்துக்கொண்டது. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் நகரவில்லை. கடைசியில் அழுதுகொண்டே, "நான் திரும்பிட்டேன்" என்றேன். "முடிஞ்சுது. வண்டில ஏறு." வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் துண்டால் என் தலையைத் துவட்டினீர்கள். "பந்து பட்டா மூணு நாள்ல ஆறிரும். திரும்புனதுதான்ட்டி ஆறாது" என்றீர்கள்.

போன ஆவணியில் நீங்கள் போன் செய்தபோது பாப்பாவுக்கு இரண்டு மாதம். புற்றுநோய் என்று மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "கொக்குக் குஞ்ச நான் பாக்காண்டாமா? ஒரு ஞாயித்துக்கெழம தூக்கிட்டு வா" என்றீர்கள். "அடுத்த வாரம் வாரேன்க்கா" என்றேன். மூன்று முறை அப்படிச் சொன்னேன். பச்சைக் குழந்தை, மழை, பஸ்ஸில் கூட்டம் என்று எனக்கு நானே காரணம் அடுக்கினேன். இரண்டு பட்டம் படித்தவளுக்கு, அது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று தெரியாதா? தலைமுடி இல்லாத உங்களைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான் காரணம்.

கார்த்திகையில் நம் கேப்டன் போன் செய்து, நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொன்னாள். நான் அழுவதைக் கேட்டு, "நீ வெசனப்படாத. பச்சப்புள்ளக்காரி, நாந்தான் வராண்டாம்னு சொல்லிட்டேன்னு அக்காவே எங்ககிட்டச் சொன்னாவ" என்றாள்.

நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே, அக்கா. ஒரு கோலுக்குக்கூட யாருக்காகவும் பொய் சொல்லாதவர் நீங்கள்.

நான் "ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு ஏழு மாதம். ராத்திரி பால் கொடுக்கும்போது, பகலில் கஞ்சி காய்ச்சும்போது, திடீரென்று அது வந்து நிற்கும். பாப்பாவுக்குக் கொஞ்சம் மூக்கடைத்தாலும், இது எதற்கோ தண்டனை என்று தோன்றும். இவரிடம் சொன்னால், "அதான் அவங்களே சொல்லிட்டாங்களே" என்பார். நம் அணியின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகள் உங்கள் படத்தைப் போட்டு எழுதும்போதெல்லாம் நான் ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போனை மூடிவிடுவேன்.

போன வாரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு புளியறையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். செங்கோட்டையில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. உங்கள் அம்மாதான் கதவைத் திறந்தார்கள்.

"கொக்குப் புள்ளதான நீ? வா, சாரல்ல நிக்காத. ஒண்ணும் நெனைக்காத என்ன, அவதான் ஒன்ன வராண்டாம்னுட்டாளாம்லா."

இன்னொரு முறை "ஆமா" சொல்லியிருக்கலாம். அம்மா காப்பி போட எழுந்தும் விட்டார்கள்.

"இல்லம்மா. அக்கா என்னய வரச்சொன்னாவ. நான்தான் வரல. பயமா இருந்துச்சு."

அம்மா நின்றார்கள். என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும்ளா. மூணு ஞாயித்துக்கெழம கட்டில வாசப்பக்கம் இழுத்துப் போடச் சொன்னா. பஸ்ஸு சத்தம் கேட்டா தலையத் தூக்குவா."

பரவாயில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பிறகு பாப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். பாப்பா தயங்காமல் தாவி, அவர்கள் கண்ணாடியைப் பிடுங்கினாள். "ஏ, கள்ளி!" என்று அம்மா சிரித்ததும் அப்படியே உங்கள் சத்தம். நான் அடுக்களைக்குப் போய்க் காப்பியைப் பார்த்துக்கொண்டேன்.

உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது, செய்ததைச் சொல்லிவிடும் இந்த ஒரு பழக்கம்தான். முந்தாநாள் பாப்பாவின் காய்ச்சல் மருந்தை நேரத்துக்குக் கொடுக்க மறந்தேன். இவர் போனில் கேட்டபோது, கரண்ட் போய்விட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. "நான் மறந்துட்டேன்" என்றேன். முன்பைவிட இப்போது அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும், எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வருவதற்குள், கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. "முடிஞ்சுது" என்று சொல்ல அந்த இடத்தில்தான், அக்கா, நீங்கள் இல்லை.