கழுவிய பானை

அன்பு மகள் ஷர்லிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, ஓசூர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, பாதியில் திட்டாமல் முழுக்கப் படி.

கண்மாய்க்குப் பின்னால் பொட்டலில் தொல்லியல்காரர்கள் குழி வெட்டுவதும், நான் அங்கே வேலைக்குப் போவதும் உனக்குத் தெரியும். எந்தக் காலத்திலோ அங்கே ஒரு வீடும் பக்கத்தில் பானை சுடும் சூளையும் இருந்ததாம். இப்போது மிச்சம் கம்பு நட்ட குழிகளும், அடுப்புத் தடமும், சூளையின் வெந்த மண்ணும்தான். உடைந்த ஓடுகளைப் பிரஷ்ஷால் கழுவிக் காயவைப்பது என் வேலை. போன செவ்வாய்க்கிழமை அடுப்போரத்தில் முழுப் பானை ஒன்று கிடைத்தது, உள்ளே அடிப்பிடித்துக் கருகல் அப்பிக் கிடந்தது. மறுநாள் பெரிய ஆபீசர்கள் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். என் புத்தி எங்கே போனதோ, இப்படி அழுக்காகவா நாலு பேர் முன்னால் வைப்பது என்று, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கவிழ்த்துவிட்டேன்.

குழிக்குப் பொறுப்பான இளமதி மேடம் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கருகலை வச்சுத்தான் அவுங்க என்ன சாப்பிட்டாங்க, எத்தனை வருசமாச்சுன்னு கண்டுபிடிக்கணும், யாரு கழுவுனது?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன், ஷர்லி. பானையை வைத்திருந்த கொட்டகையின் சாவி, அங்கேயே வேலை பார்த்த நம் தெரு முத்துராஜிடம் இருந்ததால் பழி அவன் தலையில் விழுந்தது. "சத்தியமா நான் தொடல மேடம்" என்றவன் என் முகத்தைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டான். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். விற்கத்தான் கழுவியிருப்பான் என்று டீக்கடையில் வேறு பேச்சு.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்னடி, கால்ல வெந்நிய ஊத்துன மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் அலையுற?" என்று அப்பா கேட்டார். சனிக்கிழமை மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா தண்ணி ஊத்துன எடத்து மண்ணையாச்சும் அள்ளியிருப்பேனேம்மா" என்றார். இடையில் இரண்டு நாள் மழை அடித்துப் பெய்துவிட்டது. என் முன்னாலேயே முத்துராஜுக்குப் போன் போட்டார், அவன் மச்சான் வேலை பார்க்கும் கம்பெனிக்கென்று முதல் நாளே ஓசூர் பஸ் ஏறிவிட்டான். திரும்பி வர மாட்டேன் என்றானாம். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ அவனைப் போய்ப் பார், விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அம்மா பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்றெல்லாம் எனக்காகப் பேசாதே. தெரியாமல் செய்தது கழுவியது மட்டும்தான். இந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிடு, வந்தாலும் வராவிட்டாலும் அவனிடமே இருக்கட்டும், யார் என்ன கேட்டாலும் எடுத்துக் காட்டட்டும். மாதா உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு மறந்துவிடாதே.

அந்தப் பானையைக் கழுவியது நான், முத்துராஜ் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. செபமாலை