அக்கா அனுப்பிய மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? நாள் தள்ளிப்போய் மூன்று வாரம் ஆகிறது. முதல் இரண்டும் பத்தாவது வாரத்தைத் தாண்டவில்லை. தையல் கூடத்தில் மிஷின் முன்னால் உட்காரவே பயமாக இருக்கிறது. இவரோ, "யார்கிட்டயும் சொல்லிடாத" என்பதோடு சரி. மாமியார் ஒன்றுமே சொல்வதில்லை, அதுதான் குத்துகிறது. இத்தனை வருஷமாக மருந்துக்கடையில் இருக்கிறாயே, எனக்கு மட்டும் ஏன் தங்கமாட்டேன் என்கிறது, சொல்லேன்.

உன் குட்டி

மார்ச் 12

என் குட்டிக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்துச் சந்தோஷத்தில் சிரித்தேன். "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்றார் முதலாளி.

நோயை எதிர்க்கும் சக்தி உடம்பில் இருக்கிறதல்லவா, அது பிள்ளையை வேற்றாள் என்று நினைத்து விரட்டிவிடுமாம். பாதி அப்பனுடைய உடம்புதானே! அந்தச் சக்தியை அடக்கிவைத்தால் பிள்ளை தங்கும். அதற்கு மாத்திரை அனுப்பியிருக்கிறேன், தினம் ஒன்று போடு. டாக்டரம்மாவிடம் சொல்லாதே, வீணாகப் பயமுறுத்துவார். இங்கே வரும் ஒருத்திக்குப் பலித்தது, நானே பார்த்தேன்.

உன் அக்கா

மே 20

அன்பு அக்கா,

ஐந்தாம் மாதம்! நேற்று அசைந்தது. இவர் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எல்லாம் உன்னால்தான். மாத்திரை தீரப்போகிறது, இன்னும் அனுப்பு. சளிதான் விடவே மாட்டேன் என்கிறது.

உன் குட்டி

ஜூன் 25

குட்டி,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன், பதிலே இல்லை. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் உன்னைப் பற்றி என்னென்னவோ சொன்னார். ஞாயிறு கிளம்பி வருகிறேன்.

அக்கா

ஜூன் 28

அக்கா,

சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சலாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் பிள்ளை போய்விட்டது. பையன். கையில் கொடுத்தார்கள். விரலெல்லாம் முழுசாக இருந்தது.

மாத்திரை அட்டையைக் காட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்:

"எதிர்ப்பு சக்தி பிள்ளைக்கு எதிரி இல்லம்மா. அதோட அணுக்கள்தான் கர்ப்பப்பைக்குள்ள வந்து, பிள்ளைக்கு ரத்தம் போற குழாயை அகலமாக்கிக் குடுக்குது. பிள்ளையைத் தாக்க வர்றதை அடக்கி வைக்கிற அணுக்களும் அதுலயே இருக்கு. முதல் ரெண்டும் ஏன் போச்சுன்னு யாரும் சோதிக்கவே இல்லையே. காரணம் தெரியாம இதைப் போட்டிருக்கீங்க."

"மாத்திரையாலதான் போச்சா?"

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா காய்ச்சல் இவ்வளவு முத்தினதுல அதுக்குப் பங்கு இருக்கு."

என் உடம்பு அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அக்கா. நான்தான் அதைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

"யார் குடுத்தா?" என்று இவர் கேட்டார். நானே வாங்கினேன் என்றேன். அன்றிலிருந்து என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

நீ வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். ஆனாலும் வராதே. வந்தால் அழுவாய். உன்னை நான்தான் தேற்ற வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது.

தங்கை